கதிரையை விட்டு எழும்பாதவர்

அந்த வருத்தத்தின், அந்த நோயின், பேரை மாமியிடம் சொன்னது நான்தான். அதற்காக அந்த வீட்டில் ஒருவர் இன்றுவரை எனக்கு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. பெருநாளைக்கு எங்கள் வீட்டிலிருந்து போகிற வட்டிலப்பத்தை வாங்கிக்கொள்கிறார்கள். கோப்பை மட்டும் வேறு யாருடைய கையிலாவது திரும்பி வரும். பரவாயில்லை. மாமி திரும்பவும் அதே இடத்தில் இருந்து அதே கேள்வியைக் கேட்டால், திரும்பவும் சொல்வேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு நான் சுற்றி வளைக்கிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

மாமியின் பேரை இங்கே எழுதவில்லை. அவருடைய மகள் கேட்டுக்கொண்டது அப்படி. "வருத்தத்துட பேர எழுது. உம்மாட பேர எழுதாத" என்றாள். மாமி இருந்திருந்தால் மகளுக்கு நல்ல ஏச்சு விழுந்திருக்கும். ஆனாலும் மகள் சொன்னால் சொன்னதுதான்.

மாமி எங்களுக்குச் சொந்தம் இல்லை. கற்பிட்டிப் பக்கம், கடலுக்கும் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் நடுவில், எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் இருந்தார். கருவாடு போடுகிறவர். உப்பில் வெடித்த கைகள். கரையோரத்தில் கரண்ட் எடுக்கிற பெரிய காற்றாடிகள் சுற்றுகிற சத்தத்துக்கு மேலாகவும் கேட்கிற குரல். அவரைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது அந்தக் கதிரையைத்தான்.

ஆஸ்பத்திரியில் டொக்டரின் மேசைக்குப் பக்கத்தில் நோயாளி இருப்பதற்கு ஒரு கதிரை போட்டிருப்பார்கள். எங்கள் சனம் அதில் பாதி உடம்பைத்தான் வைக்கும். மற்றப் பாதி எழும்பத் தயாராக இருக்கும். டொக்டர் மருந்துத் துண்டை நீட்டியதும் தலையை ஆட்டிவிட்டு ஓடிவிடும். மாமி முழு உடம்பையும் வைத்து இருப்பார். கைப்பையை மடியில் வைப்பார். மருந்துத் துண்டை வாங்குவார். பிறகு கேட்பார்:

"லெடே நம மொகத்த?"

வருத்தத்தின் பேர் என்ன என்று சிங்களத்தில் அர்த்தம். லொறியில் வருகிற முதலாளிமாரோடு கருவாட்டுக்கு விலை பேசுகிற சிங்களம் மாமிக்கு முன்பே வரும். ஆஸ்பத்திரிக்கென்று தனியாகப் பழகி வைத்திருந்தது இந்த ஒரு வசனம். பதில் வரும்வரை எழும்ப மாட்டார்.

நான் முதன்முதலில் அதைப் பார்த்தது பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில். எங்கள் வீட்டில் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் எழுத்து வாசிக்கத் தெரியாது. அவர்களுடைய உம்மா வாப்பாமாருக்கும் தெரியாது. நான்தான் முதல். அதனால் ஒழுங்கையில் யாருக்கு மருந்துப் பைக்கற் வந்தாலும் என் கையில்தான் வரும். அன்றைக்கு மாமிக்குக் காய்ச்சல். "நீ படிக்கிறவ, வா" என்று என்னையும் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டொக்டர் இளம் ஆள். வெளியே வரிசை வாசலைத் தாண்டி வெயிலுக்குள் நின்றது. மாமி கேட்டதும் அவர் நிமிராமலே, "பெஹெத் பொன்ன, ஹரியாவி" என்றார். மருந்தைக் குடியுங்கள், சரியாகும்.

மாமி அசையவில்லை.

பின்னால் நின்ற ஒரு பெண் கத்தினார். "மாமி, எழும்புங்களேன்! எங்களுக்கும் வருத்தம்தான்."

மாமி திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு என்ன வருத்தம்?"

"யாருக்குத் தெரியும்?"

"அப்ப நீங்களும் வந்து கேளுங்க."

வரிசை சிரித்தது. டொக்டர் பேனையை வைத்துவிட்டு மாமியைப் பார்த்தார். கோபம் வரப்போகிறது என்று நான் பயந்தேன். அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. "வைரஸ் காய்ச்சல், அம்மா" என்றார். மாமி உடனே எழும்பிவிட்டார்.

திரும்பி வரும்போது நான் வெட்கத்தில் முகத்தைத் தூக்கவில்லை. மாமிக்கு அது விளங்கியது. "என்ன புள்ள, மானம் போயிட்டா? கருவாடு வாங்க வாறவன் இது சூரையா கட்டாவாண்டு கேக்காம ஒரு துண்டு எடுப்பானா? என்ட உடம்புக்குள்ள ஈக்கிறத மட்டும் நான் கேக்கக் கூடாதா?"

ஊரில் பாதிப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு மாமியைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மற்றப் பாதி அவர் வருகிற நாளில் போக மாட்டார்கள். "அவவோட போனா கடைசி பஸ்ஸும் போயிடும்" என்பது எங்கள் உம்மாவின் முறைப்பாடு. மாமி அதற்கெல்லாம் அசைகிறவர் இல்லை. யாருடைய வருத்தத்தின் பேரையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்களுக்கே திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பார்.

அவருக்கும் பிழைத்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் இது மாமியாக இருக்காது.

அடிவயிற்றில் நோவு தொடங்கியபோது அதே கதிரையில் இருந்து அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை வேறு டொக்டர். வெளியே சனம், உள்ளே எழும்பாத பெண். அவர் வாயில் வந்ததைச் சொன்னாரோ, உண்மையாகவே அப்படி நினைத்தாரோ தெரியாது. "கேஸ்ட்ரைட்டிஸ்" என்றார். மாமிக்கு அந்தப் பேர் பிடித்துவிட்டது. நீளமான, கனமான பேர். கொச்சிக்காயை விட்டார், வெறும் வயிற்றில் தேத்தண்ணி குடிப்பதை விட்டார். கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோருக்கும் சொன்னார்: "எனக்கு கேஸ்ட்ரைட்டிஸ்."

"கேஸ்ட்ரைட்டிஸ்ண்டா மேல் வயிறு. ஒனக்கு நோகுறது கீழ" என்றார் உம்மா.

"நீ டொக்டரா? அவர் பேர் சொல்லிட்டார்."

பேர் கேட்கப் பழகிய மாமி, கிடைத்த பேர் சரிதானா என்று கேட்கப் பழகவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக அந்தப் பேரோடு சமாதானமாக இருந்தார். உள்ளே இருந்தது சமாதானமாக இருக்கவில்லை. மாதவிலக்கு நின்று எத்தனையோ காலமான பிறகு இரத்தம் போகத் தொடங்கியது. அப்போதுதான் மாமி பழைய பேரைத் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பவும் போனார். பெரிய ஆஸ்பத்திரியில், இது கேஸ்ட்ரைட்டிஸ் இல்லை, என்னவென்று பார்த்துத்தான் சொல்லலாம் என்றார்கள்.

அந்த நேரத்தில் நான் கம்பஸ் முடித்து வந்து ஓர் ஆய்வில் வேலை செய்துகொண்டிருந்தேன். வைத்தியம் இலவசமாகக் கிடைக்கிற நாட்டில், வருத்தம் வந்த வீடு எதையெல்லாம் செலவழிக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்பது. கையில் ஒரு டெப்லெட். கேள்விகள் அதில் வரிசையாக வரும். முதல் கேள்வி: இந்த வீட்டில் டொக்டரால் கண்டறியப்பட்ட நோய் யாருக்காவது இருக்கிறதா? 'ஆம்' என்று அழுத்தினால் அடுத்த கேள்வி வரும். 'இல்லை' என்று அழுத்தினால் நன்றி சொல்கிற பக்கம் வரும்.

எங்கள் ஊரும் என் பட்டியலில் இருந்தது. மாமியின் வீட்டில் நான் உண்மையைத்தான் அழுத்த வேண்டும். பேர் இன்னும் வரவில்லை. 'இல்லை' என்று அழுத்தினேன். நன்றி வந்தது.

"என்ன, முடிஞ்சா?" என்றார் மாமி.

"முடிஞ்சு மாமி."

"நான் இன்னும் தொடங்கவே இல்லயே புள்ள!"

அவர் விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குத் திகதி தூரத்தில் இருந்ததால் மதுரங்குளிக்கு அங்கால் ஒரு பிரைவேட் இடத்தில் செய்தது. அதற்கு ஆட்டை விற்றது. அந்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு சோதனை எழுதியது. பஸ்ஸுக்குப் போனது. கருவாடு போடாத நாட்கள்.

"இதெல்லாம் எங்க எழுதுவாய்?"

"பேர் தெரிஞ்சாத்தான் எழுத ஏலும், மாமி."

"பேர் தெரியாததாலதானே இவ்வளவு செலவும்!"

மாமி டெப்லெட்டை எட்டிப் பார்த்தார். அதில் நன்றி என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"அப்ப நான் வருத்தக்காரி இல்லயா?"

அன்றைக்கே கொழும்புக்கு, ஆய்வை நடத்துகிற மிஸ்ஸுக்கு போன் எடுத்தேன். நல்ல மனிசி. பொறுமையாகக் கேட்டார். "நடுவில கேள்விய மாத்தினா சேர்த்த தரவெல்லாம் பிழைச்சுப் போகும். கண்டறியப்பட்ட நோய் எண்டு ஒரு எல்லை வேணும், இல்லாட்டி தலையிடி தடிமல் எல்லாம் உள்ள வந்திடும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மாமி சொன்னதிலும் இருந்தது. ஆனால் மாமியின் பக்கம் கதைக்க நான் மட்டும்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகு ஆய்வுக்காக இல்லாமல், ஒழுங்கைப் பிள்ளையாக மாமியோடு ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினேன். சதைத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பிய அன்று திரும்பி வருகிற பஸ்ஸில் நிற்க இடமில்லை. தலவில அன்னம்மா தேவாலயத் திருநாளுக்குப் போகிற சனம். சிலாபம் பக்கத்துப் பெண் ஒருவர் எழும்பி மாமிக்கு இடம் கொடுத்தார். அவருடைய ஒரு கால் வீங்கியிருந்தது. மாமி விடுவாரா?

"காலுக்கு என்ன?"

"அன்னம்மாவுக்கு நேர்த்தி வச்சிருக்கிறன் அக்கா. வீங்குது, வத்துது, திருப்பி வீங்குது."

"என்ன வருத்தமாம்?"

"மருந்து தந்தவங்க. பேர் சொல்லேல்ல."

"நீ கேக்கல்லயா? சிங்களம் வராதா?"

"சிங்களம் உங்களவிட நல்லா வரும் அக்கா. வாய்தான் வராது."

"அப்ப அன்னம்மாட்ட என்னண்டு சொல்லிக் கேப்பாய்? காலக் காட்டிட்டு வந்துடுவியா?"

"அவவுக்குச் சொல்லத் தேவையில்ல. அவவுக்குத் தெரியும்."

மாமி கொஞ்சம் யோசித்தார். "ஓம், அவவுக்குத் தெரியும். டொக்டருக்குத் தெரியுமாண்டுதான் எனக்குச் சந்தேகம்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமி நகர்ந்து அந்தப் பெண்ணையும் பக்கத்தில் இருத்திக்கொண்டார். தலவிலச் சந்தி வரும்வரை இருவரும் ஒரே ஆசனத்தில் நெருக்கிக்கொண்டு வந்தார்கள்.

முடிவு வந்த அன்று மாமியின் மகனும் வந்திருந்தார். கடலுக்குப் போகிறவர். என்னைவிட மூத்தவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். மாமி வழக்கம்போல் கதிரையில் முழுதாக இருந்தார். டொக்டர் கோப்பைத் திறந்து பார்த்தார். பிறகு மகனைப் பார்த்து, அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்ல முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"நான் இருக்கிறேன்" என்றார் மாமி.

"உம்மா, கடுதாசி வேல ஈக்குதாம். வெளிய இருங்களேன்" என்றார் நானா.

மகன் சொன்னதால் மாமி எழும்பினார். கேட்காமல் அவர் அந்தக் கதிரையை விட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கர்ப்பப்பையில் புற்றுநோய். கொஞ்சம் பிந்தித்தான் வந்திருக்கிறீர்கள், ஆனாலும் ஒப்பரேஷன் செய்யலாம், கரண்ட் பிடிக்கலாம், அதாவது கதிர்ச் சிகிச்சை கொடுக்கலாம் என்றார் டொக்டர். நான் தமிழில் சொல்லச் சொல்ல நானா சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார். அம்மாவிடம் நான் சொல்லவா என்று டொக்டர் கேட்டார். நானா வேண்டாம் என்று கையை ஆட்டினார். டொக்டருக்கு அது பழகியிருந்தது. எங்கள் பக்கத்தில் இப்படியான வருத்தம் வந்தால் வருத்தக்காரருக்குச் சொல்வதில்லை. வீடு முழுக்கத் தெரியும், ஒழுங்கை முழுக்கத் தெரியும். படுத்திருக்கிறவர் தனக்கு என்னவென்று தெரியாமலே கப்ருக்குப் போய்விடுவார். அதற்குப் பேர் அன்பு.

"மாமிக்குச் சொல்லணும் நானா" என்றேன்.

"நீ கதைய விளங்கப்படுத்தத்தானே வந்தாய்? அதோட நில்லு." அவருடைய கண் கலங்கியிருந்தது. "பேரக் கேட்டா உம்மா அண்டைக்கே மௌத்தாகிடுவா."

"நான் பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் சொல்ல வேணாம். சும்மா இரு."

வெளியே வந்து நானா சொன்னார்: "கட்டி உம்மா. எடுத்தாச் சரி."

"கட்டிக்குப் பேர் இல்லயா?"

"கட்டிதான் பேர்."

மாமி என்னைப் பார்த்தார். நான் 'ஓம்' என்று சொல்லவில்லை. அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமி கைப்பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் ஊரில் பெரிய வருத்தம் ஒன்று வந்தால் ஜும்மா தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் அறிவித்து உதவி சேர்ப்பார்கள். அதற்கு டொக்டரின் கடிதம் வேண்டும். கடிதத்தில் வருத்தத்தின் பேர் இருக்க வேண்டும். பள்ளித் தலைவர் அதை மைக்கில் வாசிப்பார். எங்கள் பெண்கள் ஜும்மாவுக்குப் போவதில்லை. ஆனால் வெளி மைக் ஊரெல்லாம் கேட்கும் என்பதால், வீட்டில் இருந்தே எல்லாம் தெரிந்துகொள்வோம்.

மாமியைக் கொழும்பில் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நானா ஆசைப்பட்டார். கடிதத்தைப் பள்ளியில் கொடுத்தார். வெளி மைக்கை மட்டும் நிற்பாட்டச் சொன்னார். தொழுகை முடிந்ததும் மைக் பட்டென்று நின்றது. "என்ன, கரண்ட் போயிட்டா?" என்று கேட்டார் உம்மா. கரண்ட் இருந்தது. வீட்டு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே ஊர் ஆண்கள் எல்லோரும் மாமியின் வருத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பகல் சோறு தின்ன வந்தவர்கள் பெண்களுக்குச் சொன்னார்கள். பின்னேர அசர் தொழுகைக்கு முன்னால் ஊரில் தெரியாத ஆள் மாமி ஒருவர்தான்.

பிறகு சனம் வரத் தொடங்கியது. ஹோர்லிக்ஸ் வந்தது, பேரீச்சம்பழம் வந்தது, செவ்விளநீர் வந்தது. மாமியோடு வருடக்கணக்காகக் கதை இல்லாத பக்கத்து வீட்டுப் பெண், ஒரேஞ்சுப் பழத்தோடு வந்து கட்டிலில் இருந்து அழுதுவிட்டுப் போனார்.

மாமி எனக்கு ஆள் அனுப்பினார். களப்பு ஓரத்தில் கருவாட்டுப் பரணுக்குப் பக்கத்தில், வெயிலில், ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு இருந்தார். மடியில் கைப்பை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மாதிரி.

"கோவத்துல ஈக்கிறவ ஒரேஞ்சோட வாறா. முதலாளி வெல பேசாம கருவாட்ட எடுத்துட்டுப் போறான். நான் என்ன புள்ள, மௌத்தாகிட்டேனா?"

"இல்ல மாமி."

"அப்ப சொல்லு." என்னை நேராகப் பார்த்தார். "லெடே நம மொகத்த?"

நான் அவர் பக்கத்தில் மணலில் இருந்தேன். "புற்றுநோய் மாமி. கர்ப்பப்பையில."

பரணில் காகம் ஒன்று இறங்கியது. மாமி அதைப் பார்க்கவில்லை.

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். அவரும் சொல்லிப் பார்த்தார். ஒரு தடவை வாய்க்குள். பிறகு சத்தமாக.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"வெள்ளிக்கிழம பள்ளியில சொன்னாங்க. வெளி மைக்க நிப்பாட்டிட்டுச் சொன்னாங்க."

"என்ட வருத்தம். ஊர் ஆம்புளகள் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியா." அவர் சிரித்தார். கேட்க நல்லாக இருக்காத சிரிப்பு. "எங்க ஈக்குதுண்டும் சொன்னாரா தலைவர்?"

"அத விட்டுட்டாராம்."

"ஏன்? வெக்கமா? அவனுகள் எல்லாரும் அதுக்குள்ள இருந்துதானே வந்தானுகள்!"

பிறகு அழுதார். அழுதுகொண்டே எழும்பிக் காகத்தை விரட்டினார். அழுதுகொண்டே மீனைப் புரட்டிப் போட்டார். நானும் மற்றப் பக்கத்தில் நின்று புரட்டினேன். அன்றைக்கு அவர் மௌத்தாகவில்லை. அடுத்த நாளும் ஆகவில்லை.

நானா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார். ஒழுங்கையே கேட்டது. "எங்கட வீட்டுக் கதைக்குள்ள வர நீ யாரு? நாலு எழுத்துப் படிச்சதும் பெரிய ஆளா? படிச்ச திமிர்!"

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் உம்மா வெளியே வந்தார். வாழ்க்கையில் யாரோடும் குரலை உயர்த்தாத உம்மா. "ஓம் மகன். திமிர்தான். அதுக்குத்தான் நாங்க கொட்டிலயும் வித்து இவளப் படிக்க வெச்ச. ஒங்கட உம்மா கேட்டா, இவ சொன்னா. கேட்டதுக்குச் சொல்லாம வேற என்னத்துக்குப் படிப்பு?"

நானா போய்விட்டார். அன்றிலிருந்து கதை இல்லை.

மாமி அந்தக் கிழமையே ஹபாயாவைப் போட்டுக்கொண்டு பள்ளிக் காரியாலயத்துக்குப் போனார். பெண்கள் அங்கே போவது வழக்கம் இல்லை. வாசலில் கிடந்த கதிரையில் இருந்தார். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். தலைவர் பதறிப்போய், "என்ன ராத்தா, சொல்லி அனுப்பியிருந்தா நாங்களே வந்திருப்பமே" என்றார்.

"என்ட வருத்தத்துக்குச் சேத்த காசு. அத என்ன செய்யிறண்டு நான் சொல்ல வந்த. அரசாங்க ஆஸ்பத்திரியில சும்மா வெட்டுறாங்க. பிரைவேட் எனக்கு வேணாம். போய் வர வேனுக்கு எடுத்துட்டு மிச்சத்த வைங்க. ஸ்கேன் செய்யக் காசில்லாம, என்ன வருத்தம்ண்டு தெரியாமத் திரியிற ஆளுக்குக் குடுங்க."

"அது எப்பிடி ராத்தா? டொக்டர் கடிதம் இல்லாம? என்ன வருத்தம்ண்டு சனத்துக்குச் சொல்லணுமே. ஒரு எல்ல வேணுமில்லயா?"

கேட்டுக்கு வெளியே நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொழும்பு மிஸ்ஸும் இந்தத் தலைவரும் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. கதை மட்டும் ஒன்று.

"நான் ஆடு வித்து அலைஞ்ச காலத்துல ஒருத்தரும் ஒரு தேசிக்காய் கொண்டு வரல்ல," என்றார் மாமி. "பேர் கிடைச்ச அண்டைக்கு ஊரே ஒரேஞ்சோட வருது. பேர் வாற வரைக்கும் நான் என்ன சுகமாவா இருந்தேன்? அப்பயே இந்தக் காசு கிடைச்சிருந்தா இவ்வளவு பிந்தியிருக்குமா?"

"கூட்டத்துல கதைச்சிப் பாப்பம் ராத்தா."

"நல்லம். நான் இருக்கிறேன்."

"இண்டைக்குக் கூட்டம் இல்லயே!"

"அது வாற வரைக்கும் இருக்கிறேன்."

அசர் பாங்கு சொல்லும்வரை இருந்தார். தொழ வந்தவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். கடைசியில் தலைவர், "சரி, இந்தக் காசு ஒங்கட சொல்லுப்படி" என்றார். விதி மாறவில்லை. அந்தக் காசு மட்டும் மாறியது. மாமி எழும்பினார்.

நான் வீட்டுக்கு வந்து மாமி சொன்னதை அப்படியே மிஸ்ஸுக்கு எழுதினேன். அந்த முதல் கேள்வியோடு இனி ஒரு வீட்டுப் படியும் ஏற மாட்டேன் என்றும் எழுதினேன். அவர் போன் எடுத்து, வேலையை விடுகிறீர்களா என்று கேட்டார். "இல்ல மிஸ். கேள்வி மாறும்வரைக்கும் இருக்கிறன்" என்றேன். பிறகு, "எப்படி மாத்தலாம் எண்டு எழுதி அனுப்புங்க" என்றார். ஆய்வின் அடுத்த சுற்றில் முதல் கேள்வி இப்படி வந்தது: இந்த வீட்டில் யாருக்காவது சுகமில்லையா? நோயின் பேர் தெரியாவிட்டாலும் சொல்லுங்கள். அந்த வசனம் நான் எழுதியது. அதற்குக் கீழே என் பேர் இல்லை. ஆனால் நான் எழுதியது. எலுவன்குளத்தில் ஒரு வீட்டில் அதைக் கேட்டதும், வயலுக்குப் புறப்பட்ட மனிதர் மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டு இருந்தார். அந்த வீட்டில் எனக்குத் தந்த தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமிக்கு ஒப்பரேஷன் நடந்தது, கரண்ட் பிடித்தார்கள். மெலிந்து வந்தார். திரும்பவும் கருவாடு போட்டார், திரும்பவும் முதலாளிமாரோடு சண்டை பிடித்தார். விலை பேசாமல் எடுத்துப்போனவனிடம் பழைய பாக்கியையும் சேர்த்து வாங்கினார். பிறகு வருத்தம் திரும்பி வந்தது. கடைசியாகப் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, டொக்டர்மார் கட்டிலைச் சுற்றி நின்று தங்களுக்குள் இங்கிலீஷில் கதைத்தார்கள். மூத்த டொக்டர் என் பக்கம் திரும்பினார். மாமி படுத்தபடியே சொன்னார்: "மட்ட கியன்ன." என்னிடம் சொல்லுங்கள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையைக் காட்டி, "வாடிவென்ன" என்றார். இருங்கள். அந்தப் பெரிய டொக்டர் கதிரையில் இருந்தார். இனி மருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, நோவில்லாமல் வைத்திருக்கப் பார்க்கிறோம் என்று மாமியைப் பார்த்துச் சொன்னார். மாமி நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்து மகனைக் கூப்பிட்டுச் சொன்னாராம். "நான் மௌத்தானா பள்ளியில சொல்லுவாங்கதானே. அண்டைக்கு உள்ள சொன்னத இந்த முற வெளிய சொல்லச் சொல்லு. விட்டதையும் சேத்துச் சொல்லச் சொல்லு."

அது ஒரு காலை. உம்மா பாணுக்கு சம்பல் அரைத்துக்கொண்டிருந்தார். வெளி மைக் கரகரத்தது. எங்கள் ஊரில் மௌத்து அறிவித்தல் எல்லாம் ஒரே மாதிரி. யாருடைய மகள், யாருடைய மனைவி, சுகயீனம் காரணமாக, எத்தனை மணிக்கு அடக்கம். அன்றைக்கு மகள், மனைவி வரைக்கும் வந்து குரல் நின்றுவிட்டது. பள்ளிக்குள் தலைவர் தயங்கியிருக்கிறார். கர்ப்பப்பை என்ற சொல்லைப் பள்ளி மைக்கில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற நானா, "உம்மா சொன்ன மாதிரிச் சொல்லுங்க" என்றாராம். ஓம், அதே நானாதான். என்னோடு கதைக்காதவர்தான்.

குரல் திரும்பி வந்தது. "கர்ப்பப்பைப் புற்றுநோயால் வஃபாத்தானார்கள்." கடல் பக்கமும் கேட்டது, களப்புப் பக்கமும் கேட்டது. உம்மா அம்மியில் கையை வைத்தபடி அப்படியே நின்றார்.

அடுத்த கிளினிக் நாளில் எங்கள் வீட்டு வாசலில் ஒருவர் நின்றார். ஒரேஞ்சோடு வந்து அழுத அந்தப் பக்கத்து வீட்டுப் பெண். ஒழுங்கையில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, "புள்ள, எனக்கும் கொஞ்ச நாளா ஒரு மாதிரி ஈக்குது. என்னோட வாறியா?" என்றார். பஸ்ஸில் போகும்போது மெதுவாகக் கேட்டார்: "அவ கேக்குற அந்தச் சிங்களக் கதை... அது எப்பிடி?"

சொல்லிக் கொடுத்தேன். போகும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். டொக்டரின் அறைக்குள் போனதும் கதிரையின் நுனியில், பாதி உடம்பை வைத்து இருந்தார். நான் பின்னால் நின்று, இரண்டு தோளிலும் கையை வைத்து, அவரை நன்றாக உள்ளே தள்ளி இருத்தினேன்.